குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு லேசர்: முப்பது கழியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை இருந்தால், இல்லை மகளோ தங்கையோ மனைவியோ மாசமாக இருந்தால், ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி முழுசா படிச்சிடுங்க.

"பாப்பா கண்ணுக்கு லேசர் வைக்கணும். ரெண்டு மூணு நாளுக்குள்ள வைக்கணும். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

இந்த மூன்று வரி காதில் விழுந்ததும் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1,200 கிராமில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் கிடந்து, கிராம் கிராமாக எடை கூடி, இப்போதுதான் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்ற நிலைக்கு வந்த பிள்ளை. அந்தப் பிள்ளையின் கண்ணில் லேசரா? கண்ணுதான் பளிச்சுன்னு நல்லா இருக்கே?

நான் கண் மருத்துவர் கிடையாது. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அரசு மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவன். லேசர் வைப்பது கண் மருத்துவர். அவர் வைக்கும்போது குழந்தையின் பக்கத்தில் நின்று மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. அதனால் முன்னாடியும் பின்னாடியும் பெற்றோரின் கேள்விகள் என்னிடம்தான் வந்து சேரும்.

அந்த இடத்தில் நின்று பார்த்ததில் எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கிறது. இந்த லேசரால் குழந்தைக்கு வரக்கூடிய ஆபத்து சிறியது. அதைப் பற்றிப் பெற்றோருக்குப் புரியும்படி யாரும் சொல்லாததால் நாள் தள்ளிப்போகிறது பாருங்கள், அந்த ஆபத்துதான் பெரியது.

முதலில் நோயைப் பற்றி.

கண்ணின் பின்புறச் சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கேமராவுக்கு ஃபிலிம் மாதிரி. தாயின் வயிற்றில் 16வது வாரம் வாக்கில் இந்தத் திரையின் நடுவில் இருந்து ரத்தக்குழாய்கள் முளைத்து ஓரத்தை நோக்கி வளரத் தொடங்கும். ஓரம் வரை போய்ச் சேர ஏறக்குறைய 40 வாரம் ஆகிவிடும்.

28 வாரத்திலோ 30 வாரத்திலோ குழந்தை பிறந்துவிட்டால்? குழாய்கள் பாதி வழியில் நிற்கின்றன.

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வாய்க்காலில் தண்ணி திறந்தாச்சு, ஆனால் கடைமடைக்கு வந்து சேரவில்லை. கடைமடை வயல் காய்கிறது. காயும் விழித்திரை சும்மா இருக்காது, "எனக்கு ரத்தம் வேணும்" என்று ஒரு ரசாயனத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு அவசர அவசரமாகப் புதுக் குழாய்கள் முளைக்கும். கரை கட்டாத வாய்க்கால் மாதிரி, பலமில்லாத குழாய்கள். அவை கசியும், ரத்தம் வடியும், தழும்பாகி விழித்திரையையே பிடித்து இழுக்கும். இழுத்து இழுத்துத் திரை கழன்றுவிட்டால் அப்புறம் பார்வையை மீட்பது பெரும்பாலும் முடியாது.

இதுதான் ரெட்டினோபதி ஆஃப் பிரீமெச்சூரிட்டி. சுருக்கமாக ஆர்ஓபி. குறைமாத விழித்திரை நோய் என்று வைத்துக்கொள்வோம்.

பிறந்த பின் கொடுக்கப்படும் ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் இந்த நோய் கூடும். 1950களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தவர்; அவருக்குப் பார்வை போனது இந்த நோயால்தான். அதற்காக "ஆக்சிஜன் குடுத்துக் கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்த ஆக்சிஜன் இல்லையென்றால் குழந்தையே இருந்திருக்காது. இப்போது ஆக்சிஜனை அளந்துதான் கொடுக்கிறோம். அப்படி அளந்து கொடுத்தும் சில குழந்தைகளுக்கு நோய் வரத்தான் செய்கிறது. காரணம் ஆக்சிஜன் மட்டும் இல்லை. எவ்வளவு சீக்கிரம் பிறந்தது, கிருமித்தொற்று வந்ததா, எடை எப்படி ஏறியது என்று பலதும் சேர்ந்தது.

இப்போது முக்கியமான விஷயம். இந்த நோய் வெளியில் தெரியாது.

கண் சிவக்காது. பீளை தள்ளாது. குழந்தை வெளிச்சத்தைப் பார்த்து முகம் சுளிக்கும், நாம் முகத்தைக் கிட்டே கொண்டு போனால் பார்க்கிற மாதிரிகூட இருக்கும். கருமணிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று பாட்டி கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் விழித்திரை முழுசாகக் கழன்றிருக்கும். எனவே "கண்ணு நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்பது இந்த நோயைப் பொறுத்தவரை எந்த ஆறுதலும் இல்லாத வாக்கியம்.

கண்டுபிடிக்க ஒரே வழி, சொட்டு மருந்து போட்டுக் கருமணியை விரித்து, இதில் பயிற்சி பெற்ற கண் மருத்துவர் உள்ளே பார்ப்பது. இல்லையென்றால் அதற்கென்று இருக்கும் கேமராவில் படம் எடுத்துப் பார்ப்பது.

யாருக்குப் பார்க்க வேண்டும்? நம் நாட்டு வழிகாட்டுதல்படி, 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகள், அல்லது பிறக்கும்போது 2,000 கிராமுக்குக் குறைவாக இருந்த குழந்தைகள். 34லிருந்து 36 வாரத்துக்குள் பிறந்து வேறு சிக்கல்கள் இருந்தாலும் பார்க்க வேண்டும். பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், 1,200 கிராமுக்குக் குறைந்தவர்கள் இன்னும் முன்னதாக, இரண்டு மூன்று வாரத்திலேயே.

கூகுளில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வழிகாட்டுதலில் 1,500 கிராம், 30 வாரம் என்று போட்டிருக்கும். "நம்ம பிள்ளை 1,750 ஆச்சே, தேவையில்ல" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊரில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் இந்த நோய் வருகிறது. அதனால்தான் நம் கணக்கு வேறு.

பரிசோதிக்கிற எல்லாக் குழந்தைக்கும் லேசர் வராது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குழாய்கள் தானாகவே ஓரம் வரை வளர்ந்துவிடும். அதுவரை வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ பார்த்துக்கொண்டே வந்தால் போதும். குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டிய குழந்தைகளுக்கு மட்டும்தான் லேசர். தாண்டிவிட்டது என்று தெரிந்தால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வைத்துவிட வேண்டும். வேகமாக முற்றும் வகை ஒன்று உண்டு, அதற்கு அவ்வளவு நேரம்கூடக் கிடையாது.

இங்கேதான் நம் வீட்டுக் காலண்டரும் கண்ணின் காலண்டரும் மோதுகின்றன.

பிறந்து முப்பது நாள் பச்சைப் பிள்ளையை வெளியே எடுக்கக்கூடாது. தீட்டு. காத்து கருப்பு. "முப்பது கழியட்டும், சாமி கும்பிட்டுட்டுக் கூட்டிட்டுப் போகலாம்." சரியாக எந்த முப்பது நாளுக்குள் கண்ணைப் பார்க்க வேண்டுமோ, அதே முப்பது நாள்.

இதில் பாட்டிகளைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பச்சிளம் குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாதே என்பது நல்ல வழக்கம்தான். கிருமித்தொற்று என்ற வார்த்தை தெரியாத காலத்திலேயே அதைத் தடுக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். நிறைமாதக் குழந்தைக்கு இன்றும் நான் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த வழக்கம் உருவான காலத்தில் 1,200 கிராம் குழந்தை பிழைத்ததே இல்லை. பிழைத்த பிறகு அதன் கண்ணுக்கு என்ன ஆகும் என்று பார்க்க அந்தப் பாட்டிகளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இதை இப்படி எடுத்துச் சொன்னால் எந்தப் பாட்டியும் மறுப்பதில்லை. சில பேர் மருமகளுக்கு முன்னால் அவர்களே துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பி வருகிறார்கள்.

ஆக, குறை பாட்டியிடம் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததில் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுக்கும் தாளில் பன்னிரண்டாவது வரியாக, ஆங்கிலத்தில், சுருக்கெழுத்தில், "ஆர்ஓபி ஸ்க்ரீனிங் நாலு வாரத்தில்" என்று எழுதிவிட்டால் சொன்னதாக ஆகிவிடுமா? அந்தத் தாள் நேராகப் பாலித்தீன் கவருக்குள் போகும், கவர் பீரோவுக்குள் போகும். என் துறையினர் சிலருக்கு இது கசக்கும். இருந்தாலும் சொல்கிறேன், எழுதிக் கொடுத்தது வேறு, புரியவைத்தது வேறு.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 1996ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29வது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் இருந்து பிழைத்து வீட்டுக்குப் போனது. கண்ணைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை, பரிசோதிக்கவும் இல்லை. பார்வை போய்விட்டது. அந்தத் தகப்பன் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015ல் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கிட்டத்தட்ட பத்தொன்பது வருஷம். அந்தப் பணத்தை வைத்து விழித்திரையைத் திரும்ப ஒட்ட முடியாது.

சரி, உங்கள் குழந்தைக்கு லேசர் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு என்ன நடக்கும்? இதைத்தான் யாரும் வரிசையாகச் சொல்வதில்லை.

முந்தின நாளோ அன்று காலையோ ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். "உயிருக்கு ஆபத்துன்னு எழுதியிருக்கே சார்" என்று கை நடுங்கும். பதறாதீர்கள். எந்தச் சிகிச்சைக்கும் நடக்க வாய்ப்புள்ள எல்லாவற்றையும் அதில் எழுதத்தான் வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

மயக்க மருந்து உண்டா என்று கேளுங்கள். இடத்துக்கு இடம் இது மாறும். பல இடங்களில் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து மட்டும் விட்டு, குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டே செய்வார்கள். சில இடங்களில் லேசான தூக்க மருந்து தருவார்கள். சில இடங்களில் மயக்கவியல் மருத்துவர் முழு மயக்கம் கொடுப்பார். குழந்தையின் எடை, நுரையீரலின் நிலை, அங்கே இருக்கும் வசதி எல்லாம் பார்த்து முடிவாகும்.

பால் கொடுக்கும் நேரம் இதைப் பொறுத்துத்தான். முழு மயக்கம் என்றால் தாய்ப்பால் கொடுத்து நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சொட்டு மருந்து மட்டும்தான் என்றால் அவ்வளவு பட்டினி தேவையில்லை, ஆனால் வயிறு முட்டக் குடித்த உடனே செய்தால் வாந்தி எடுத்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எத்தனை மணிக்குக் கடைசிப் பால் என்று சிஸ்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "பசிக்குது, பாவம்" என்று யாரும் தெரியாமல் கொடுத்துவிடக் கூடாது. இதில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. போவதற்கு முன் பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துவிடுங்கள். முடிந்து வந்ததும் தேவைப்படும், உங்களுக்கும் மார்பு கட்டாது.

ஒரு மணி நேரம் முன்னதாகவே கருமணியை விரிக்கும் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விடுவார்கள். அந்த மருந்து பட்டு இமையைச் சுற்றி வெளுத்தது போலத் தெரியலாம். சில அம்மாக்கள் இதைப் பார்த்தே அழ ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்றுமில்லை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

அறை இருட்டாக இருக்கும். உள்ளே கண்ணைப் பார்ப்பதற்கு அது தேவை. கண் மருத்துவர் தலையில் விளக்கு பொருத்திய ஒரு கருவியை மாட்டியிருப்பார். லேசர் அதன் வழியாகத்தான் வரும். கையில் ஒரு லென்ஸ். மற்றவர்கள் எல்லோரும் கலர் கண்ணாடி போட்டிருப்போம். குழந்தையைக் கழுத்து வரை துணியில் இறுக்கமாகச் சுற்றி, காலில் ஆக்சிஜன் அளவு காட்டும் சின்ன சிவப்பு விளக்கைக் கட்டியிருப்போம். இமைகளை விலக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய கம்பி கிளிப் வைப்பார்கள். கண்ணை உருட்டி ஓரம் வரை பார்க்க இன்னொரு சின்னக் கம்பியால் மெதுவாக அழுத்துவார்கள்.

இந்த இரண்டும்தான் பார்க்கக் கஷ்டமானவை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் தடவை பார்க்கும்போது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. கத்தி கிடையாது, வெட்டு கிடையாது, தையல் கிடையாது. ஆனாலும் இவ்வளவு சின்ன கண்ணில் அந்தக் கிளிப்பைப் பார்ப்பது லேசில்லை. பெற்றவர்கள் உள்ளே நிற்கலாமா என்பது அந்தந்த இடத்தின் விதி. என்னைக் கேட்டால், துணியில் சுற்றும் வரை அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கட்டும், முடிந்த நிமிஷம் அம்மாவின் மடிக்கு வரட்டும். நடுவில் வெளியே உட்காருங்கள். அது கோழைத்தனம் இல்லை.

வலிக்குமா?

"வலிக்கவே வலிக்காது" என்று நான் சொல்ல மாட்டேன். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. அது தப்பு என்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. மரக்கும் மருந்து விடுகிறோம். நாக்கில் இரண்டு சொட்டு சர்க்கரைக் கரைசலோ தாய்ப்பாலோ வைக்கிறோம், அது வலி உணர்வைக் குறைக்கும். இறுக்கிச் சுற்றுவதும் பாதுகாப்பு உணர்வைக் கொடுக்கும். இவ்வளவும் செய்தும் குழந்தை அழும். அழுகை வெளியே கேட்கும். கையைக் காலை அசைக்க முடியவில்லை, வெளிச்சம் கூசுகிறது, பசிக்கிறது, இமையை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று எல்லாம் கலந்த அழுகை அது. உள்ளே நிற்கிறவனாகச் சொல்கிறேன், அழும் குழந்தையைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. அழாமல் திடீரென்று அடங்கினால்தான் மானிட்டரைப் பார்ப்பேன்.

மானிட்டர் நடுநடுவே கத்தும். கண்ணை அழுத்தும்போது சில குழந்தைகளுக்கு இதயத்துடிப்பு குறையும், சிலர் மூச்சை நிறுத்துவார்கள். "சார், ஒரு நிமிஷம்" என்பேன். கண் மருத்துவர் கையை எடுத்துவிடுவார். துடிப்பு ஏறும். தேவைப்பட்டால் கொஞ்சம் ஆக்சிஜன். மறுபடி தொடங்குவோம். இதற்குத்தான் நாங்கள் அங்கே நிற்கிறோம்.

லேசர் என்றதும் சினிமாவில் வருவது போல ஒரே ஒரு கோடு என்று நினைக்காதீர்கள். ரத்தக்குழாய் போய்ச் சேராத அந்த ஓரப் பகுதி முழுக்கப் பொட்டுப் பொட்டாக வைப்பார்கள். ஒரு கண்ணுக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்தைத் தாண்டியும் பொட்டுகள். அதனால்தான் நேரம் எடுக்கும். இரண்டு கண்ணும் சேர்த்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கதவு திறக்க நேரமாவதால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

லேசர் எதையும் வளர்ப்பதில்லை. காய்ந்துபோய்ச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் கடைமடையை அடக்கிவிடுகிறது. ரசாயனம் நிற்கிறது, புதுக் குழாய்கள் சுருங்குகின்றன, நடுப்பகுதி தப்பிக்கிறது. முகம் பார்க்க, எழுத்துப் படிக்க உதவுவது அந்த நடுப்பகுதி. பக்கவாட்டுப் பார்வையின் ஓரம் கொஞ்சம் போகும். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றும் வியாபாரம் இது.

முடிந்து வெளியே வரும் குழந்தையைப் பார்க்கத் தயாராக இருங்கள். இமை வீங்கியிருக்கும். வெள்ளை முழி சிவந்திருக்கும், சில சமயம் ரத்தம் கட்டிய மாதிரி செக்கச்செவேல் என்று. சில நாட்களில் வடிந்துவிடும். கருமணி ஒரு நாளாவது விரிந்தே இருக்கும், வெளிச்சம் கூசும். அசதியில் தூங்கும், அன்று பால் கொஞ்சம் குறைவாகக் குடிக்கலாம். மிகவும் சிறிய குழந்தைகளுக்கு ஓரிரு நாள் மூச்சு விட்டு விட்டு நிற்கலாம் என்பதால் வார்டில் வைத்துப் பார்ப்போம். "கண்ணுல தானே வச்சாங்க, எதுக்கு ரெண்டு நாள்" என்று சண்டைக்கு வராதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை, எழுதிக் கொடுத்த நாள் வரை, கை கழுவிவிட்டு விடுங்கள். தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய், மை, எதுவும் கிட்டே வரக் கூடாது. பீளை தள்ளினாலோ, வீக்கம் குறையாமல் கூடினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலமானாலோ, மறுநாள் ஓபி வரை காத்திருக்காமல் உடனே வந்துவிடுங்கள்.

ஒரு வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். விட்டுப்போன இடம் இருந்தால் இன்னொரு தடவை லேசர் வைக்க வேண்டி வரலாம். முதலில் செய்தது தப்பு என்று அர்த்தமில்லை, இந்தச் சிகிச்சையில் அது சகஜம்.

பலன் எப்படி? 2003ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், உரிய கட்டத்தில் சீக்கிரமே சிகிச்சை செய்த கண்களில் விழித்திரை மோசமான நிலைக்குப் போனது 9.1 சதவீதம். பழைய முறைப்படி கொஞ்சம் காத்திருந்து செய்த கண்களில் 15.6 சதவீதம். எல்லாக் கண்ணும் தப்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. காத்திருந்தால் நஷ்டம் கூடும் என்பது மட்டும் உறுதி.

"ஊசி போட்டா போதுமாமே, லேசரே வேணாமாமே" என்று கேட்கிறார்கள். கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. சில வகை நோய்க்கு, குறிப்பாகத் திரையின் நடுப்பகுதி வரை பாதித்திருந்தால், அதுவே நல்ல தேர்வாக இருக்கும். ஆனால் ஊசிக்குப் பின் நோய் பல வாரம் கழித்துத் திரும்பி வரலாம். மாதக்கணக்கில் விடாமல் வந்து காட்டக்கூடிய குடும்பத்துக்குத்தான் அது பொருந்தும். மலையில் இருந்து இரண்டு பஸ் மாறி வரும் தாய்க்கு எது பொருந்தும் என்பதையும் கண் மருத்துவர் சேர்த்துத்தான் யோசிப்பார். எது வேண்டும் என்று சண்டை போடாதீர்கள், ஏன் இது என்று கேளுங்கள்.

செலவு? அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ஆர்பிஎஸ்கே என்ற தேசிய குழந்தைகள் நலத்திட்டத்தில் இந்த நோய் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டிருக்கிறது. பிறந்து ஒரு வருடம் வரை நோயுற்ற குழந்தைக்கு இலவச சிகிச்சையும், மருத்துவமனைக்கு வந்து போக வாகனமும் தர வேண்டும் என்று ஜேஎஸ்எஸ்கே திட்டம் சொல்கிறது. தனியாரில் பிறந்த குழந்தையையும் இங்கே கொண்டு வரலாம். "அங்க பொறந்தது, இங்க எதுக்கு வந்தீங்க" என்று யாராவது கேட்டால் கண்காணிப்பாளரைப் பாருங்கள்.

இப்போது என் துறைக்கு.

"எல்லாத்தையும் சொன்னா பயந்து ஓடிடுவாங்க சார்" என்று சீனியர்கள் சொல்வதுண்டு. நான் பார்த்த வரை ஓடியவர்கள், ஒன்றும் சொல்லப்படாதவர்கள். சொல்லாமல் கையெழுத்து கேட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார்: "கண்ணு நல்லாத்தான இருக்கு சார், நீங்க படிக்கிறதுக்கு என் புள்ளைய வச்சுப் பாக்கறீங்களா?" எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அதுவரை கிடைத்த தகவலுக்கு அது நியாயமான கேள்விதான். ஒரு தாளில் வட்டம் போட்டு, வாய்க்கால் வரைந்து, கால் மணி நேரம் பேசிய பிறகு அவரே மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம். 40 குழந்தை இருக்கும் வார்டில் ஒரு டாக்டருக்கு அது பெரிய நேரம், தெரியும். சிஸ்டர்களுக்கும் கவுன்சிலருக்கும் பயிற்சி கொடுத்து இதைச் செய்ய வைக்கலாம். தமிழில் ஒரு அட்டை அடித்து, பரிசோதனைத் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி, அப்பாவிடம் ஒரு முறை, பாட்டியிடம் ஒரு முறை சொல்லிக் கொடுப்பதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த லேசரை வைக்கத் தெரிந்த கண் மருத்துவர்கள் எல்லா மாவட்டத்திலும் இல்லை. அதனால் 1,400 கிராம் குழந்தையை வண்டியில் ஏற்றிப் பெரிய ஊருக்கு அனுப்புகிறோம். கர்நாடகத்தில் 2008ல் இருந்து ஒரு திட்டம் நடக்கிறது. பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் குழந்தைகள் வார்டுகளுக்குப் போய்ப் படம் எடுக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் நிபுணர் பார்த்துச் சொல்கிறார். குழந்தையை மருத்துவரிடம் அனுப்புவதைவிடப் படத்தை அனுப்புவது சுலபம். பச்சிளம் குழந்தைகள் வார்டு இருக்கும் எல்லா இடத்திலும் நமக்கும் இது வேண்டும். இதைக் கேட்பதற்கு எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, வாக்களிக்கும் உங்களுக்கு அதைவிட அதிகம் இருக்கிறது.

லேசர் முடிந்தாலும் கண் மருத்துவரின் உறவு முடியாது. இந்தக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, மாறுகண், ஒரு கண் சோம்பிப் போவது எல்லாம் மற்றவர்களைவிட அதிகம் வரும். ஒரு வயதில் பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டச் சொன்னால் "ஊரு என்ன பேசும்" என்று யோசிக்காமல் மாட்டுங்கள். பள்ளிக்கூடம் சேர்க்கும் வரை வருஷா வருஷம் காட்டுங்கள், அதன் பிறகும் நிறுத்த வேண்டாம்.

இரட்டைக் குழந்தை என்றால் இருவரையும் கொண்டு வாருங்கள். ஒருத்திக்கு லேசர் தேவைப்படும், இன்னொருத்திக்குத் தேவைப்படாமல் போகும். குண்டாக இருப்பவளை வீட்டில் விட்டுவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் போடுகிறேன். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, இன்றைக்கு எத்தனை நாள், இந்த மூன்றையும் எழுதிக் கேளுங்கள். கண்ணை போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்ப வேண்டாம். செல்போன் போட்டோவில் இந்த நோய் தெரியாது.